ஐயர் என்றால் அர்ச்சகர் ஆகிவிடலாமா?

கேள்வி: என்கூட வேலை பார்ப்பவர் ஐயர். சிவன் கோயில் கருவறைக்குள் தானும் போக முடியாது என்கிறார். நிஜமா?

பதில் 1: நிஜம்தான். நானும் ஐயர்தான், பூணூல் இருந்தும் எல்லாரோடும் வெளியே நின்றுதான் திருநீற்றுக்குக் கை நீட்டுகிறேன். ஆகமம் என்ற கோயில் வழிபாட்டு நூல்படி அங்கே பூஜை செய்யும் உரிமை சிவாச்சாரியார் என்ற தனி மரபினருக்கு. என் தாத்தா வீடு வீடாகப் போய்த் திவசம் செய்துவைத்த புரோகிதர். அது வேறு தொழில். தட்சிணை இடுப்பு முடிச்சில், அரிசியும் வாழைக்காயும் பையில்.

பதில் 2: எங்கள் ஊர் ஐயனாருக்குக் குயவரான வேளார்தான் பூசாரி. மண்குதிரை செய்வதும் அவரே, பூசை வைப்பதும் அவரே. ஐயர் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை.

பதில் 3: சரி, சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அர்ச்சகர் பணிக்கான வாரிசு உரிமை ரத்தானதை 1972இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஆகமத்தை மீறக் கூடாது என்றது. 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி முடித்த பல சாதியினருக்குப் பணி ஆணை கிடைத்தது.

பதில் 1: ஆமாம், ஆனால் வழக்குகள் இன்னும் ஓயவில்லையே.