தெப்பக்குளத்து வீடு: கண்ணாடியில் கோலம்

சனிக்கிழமை

திருநகர் சித்தி, காலை 10:04
தாயி, போன வாரம் அப்பத்தாவுக்கு நீ கொண்டுவந்த தண்ணீர் ஜாடியில் இருந்த கோலம் ஒட்டியதா, வரைந்ததா? நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

நான், 10:11
இரண்டும் இல்லை சித்தி. கண்ணாடியே அந்த இடத்தில் மட்டும் மங்கியிருக்கிறது. கோலத்தை வினைல் ஸ்டிக்கரில் வெட்டி, கோடுகளை எடுத்துவிட்டு ஜாடியில் ஒட்டினேன். திறந்திருந்த கோடுகளில் எட்சிங் கிரீம் பூசினேன். கிரீம் பட்ட இடத்தில் கண்ணாடியின் மேல்தோல் அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகிவிடும். எத்தனை முறை கழுவினாலும் போகாது.

திருநகர் சித்தி, 10:13
தை மாதக் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் கொடுக்கலாம் என்று உன் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். 150 டம்ளர். எனக்கும் சொல்லிக் கொடு.

நான், 10:20
150 வேண்டாம் சித்தி. வெட்டின வினைல் ஸ்டென்சில் ஒன்று ஒரு டம்ளருக்குத்தான் உதவும், உரித்தால் சுருண்டுவிடும். 150 முறை ஒட்டி, ஓரம் தேய்த்து, பூசி, கழுவினால் தை போய் மாசி வந்துவிடும். அத்தனை வேண்டுமென்றால் கதவுக் கண்ணாடிக்கு மணல் பீய்ச்சும் கடையில் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் 12 செய்யுங்கள். அதற்கு முன் மூன்று காலி ஊறுகாய் பாட்டில்களில் பழகிவிடுங்கள்.

வில்லாபுரம் மதினி, 10:24
சின்னத்தையோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். பருப்பு, சீரகம், வெந்தய பாட்டில்களில் பெயர் ஒட்டி வைத்தால் எண்ணெய்க் கை பட்டு ஒரே மாதத்தில் உரிந்துவிடுகிறது. எவர்சில்வர் டப்பாவிலும் இதைப் பூசலாமா?

நான், 10:26
எவர்சில்வரில் வராது மதினி. பிளாஸ்டிக்கிலும் வராது. அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வைக்கிற போரோசிலிகேட் கண்ணாடியிலும் சரியாகப் பிடிக்காது. ஜாம், ஊறுகாய், காபித்தூள் வருகிற சாதாரணக் கண்ணாடி பாட்டில்தான் நல்லது.

பெரியப்பா, 10:41
எல்லோரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் சொல்கிறேன். ஆய்வகத்தில் சல்பூரிக், நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் மூன்றும் கண்ணாடிப் புட்டியில்தான் இருக்கும். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை மட்டும் கண்ணாடியில் ஊற்றி வைக்க முடியாது, கண்ணாடியில் இருக்கிற சிலிக்காவையே கரைத்துவிடும். 1771இல் சுவீடனில் ஷீலே என்பவர் புளோர்ஸ்பார் கல்லைச் சல்பூரிக் அமிலத்தோடு சூடாக்கிப் பார்த்தபோது, அவர் வைத்திருந்த கண்ணாடிக் கலமே அரிக்கப்பட்டது. நீங்கள் வாங்கப்போகும் கிரீமில் இருப்பது அதே குடும்பத்து உப்பு, அமோனியம் பைபுளோரைடு. அந்த டப்பா ஏன் பிளாஸ்டிக்கில் வருகிறது என்று இப்போது புரிகிறதா?

பெரியப்பா, 10:47
தோலில் பட்டால் மிளகாய் போல உடனே எரிந்து எச்சரிக்காது. சில மணி நேரம் கழித்துக்கூட வலி தொடங்கலாம். அதற்குள் புளோரைடு உள்ளே இறங்கி உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டது தெரிந்தால் அந்த நொடியே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். வலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோய்ப் புளோரைடு என்று சொல்லுங்கள். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் என்று இதற்கென்றே மருந்து இருக்கிறது.

வில்லாபுரம் மதினி, 10:49
மாமா, படிக்கவே பயமாக இருக்கிறது.

நான், 10:58
பெரியப்பா சொன்னதை எல்லோரும் ஒரு தாளில் எழுதி அந்த டப்பா மேலேயே ஒட்டிவிடுங்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் பின்பற்றுகிற முறை இது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் டப்பாவைத் திறப்பேன். மாடியில், காற்று ஓடுகிற நிழலில் உட்காருவேன். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. வேலை முடிந்ததும் டப்பா பூட்டுப் போட்ட அலமாரிக்குப் போய்விடும்.

சித்தி, இன்னொன்று. புது வீட்டு வாஷ் பேசினில் கழுவிவிடாதீர்கள். பீங்கானின் மெருகும் கண்ணாடி இனம்தான், அதையும் அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளியில் நிறையத் தண்ணீர் வைத்து அலசுங்கள்.

திருநகர் சித்தி, 11:02
சரி. கிரீமைப் பூசுகிற பக்குவத்தைச் சொல்.

நான், 11:19
பூசுவதில் பெரிய பக்குவம் ஒன்றும் இல்லை சித்தி. நான் வாங்கிய டப்பாவில் 1 நிமிடம் என்று போட்டிருக்கிறது. 15 நிமிடம் வைக்கச் சொல்கிற வகையும் உண்டு. டப்பா சொல்வதைக் கேட்டால் போதும். பிரஷ்ஷால் இழுத்துத் தேய்க்காமல், இட்லிக்குச் சட்னி வைப்பது போலத் தடிமனாக வைக்க வேண்டும். மெலிதாகப் பூசினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

உண்மையான வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. துடைப்பதும் ஒட்டுவதும்தான். என் முதல் பாட்டிலில் பூவின் இதழ் நடுவே தெளிவான ஓவல் ஒன்று விழுந்திருந்தது. உற்றுப் பார்த்தால் ரேகை தெரிந்தது. அன்று காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்த கை, என் கட்டைவிரல். எண்ணெய் இருந்த இடத்தில் கிரீம் ஏறவில்லை. நம் போர் தண்ணீர் வேறு காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும். அதனால் முதலில் வினிகர் தொட்டுத் திட்டைத் துடைத்து, சோப்பில் கழுவி, காய்ந்ததும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். அதற்குப் பிறகு வெறும் விரல் படக்கூடாது.

ஒட்டியதும் பழைய ஏடிஎம் கார்டால் ஒவ்வோர் ஓரத்தையும் அழுத்தித் தேய்க்க வேண்டும். முடி நுழைகிற இடைவெளி இருந்தாலும் கிரீம் உள்ளே போய்விடும். ஊறின தாளில் மை பரவியது போலக் கோடு அழிந்துவிடும். திருத்தவே முடியாது.

வில்லாபுரம் மதினி, 11:23
வினைல் வெட்ட மெஷின் வேண்டாமா? ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிப் பழகலாமா?

நான், 11:31
வெல்வெட் பொட்டு துணி மதினி, கிரீமை உறிஞ்சிவிடும். ஆனால் யோசனை நல்ல யோசனை. தாளில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினால் வினைலைக் குத்தினால் வட்ட வட்டமாக விழும். அவற்றைப் பாட்டிலில் ஒட்டி, மேலும் கீழும் இரண்டு வினைல் பட்டை சுற்றி, நடுவில் முழுக்கக் கிரீம் வையுங்கள். உரித்தால் மங்கலான பட்டையில் தெளிந்த புள்ளிகள் இருக்கும். நம் ஊர்ச் சுங்குடி இதே கணக்குத்தான். கட்டின முடிச்சுக்குள் சாயம் ஏறாது, அவிழ்த்தால் புள்ளி. முதல் பாட்டிலுக்கு இதைச் செய்யுங்கள், மெஷினே வேண்டாம்.

திருநகர் சித்தி, 11:33
என் அரக்குச் சுங்குடிச் சேலையை எடுத்து வைத்துப் புள்ளியை எண்ணி ஒட்டப்போகிறேன்.

நான், 11:40
எழுத்தும் கோலமும் வேண்டுமென்றால் பைக் நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடைக்குப் போனால் போதும். தம்பி, நீ போகும்போது மறக்காதே. கோடு 2 மி.மீட்டருக்குக் குறையக்கூடாது. ‘மி’, ‘பி’ போன்ற எழுத்துகளில் கொக்கியும் எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். அவற்றை ஒரே வடிவமாக இணைத்துவிட்டு வெட்டச் சொல். இல்லாவிட்டால் நடுவே குறுக்குக் கோடு விழும்.

தம்பி, 12:15
சரி அக்கா. மாலையில் வாங்கி வருகிறேன்.

தம்பி, மாலை 6:48
[படம்]
அக்கா, பணமும் கொடுத்துவிட்டேன். இது சரியா?

நான், 6:52
தலைகீழாக எடுத்துவிட்டார்கள் தம்பி. எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை உரித்திருக்கிறார்கள். நம்பர் பிளேட்டுக்கு அப்படித்தான் வேண்டும், நமக்கு எழுத்து போய்ச் சுற்றுப்புறம் நிற்க வேண்டும். நானும் சொல்லத் தவறிவிட்டேன். இனிமேல் “வெட்டி மட்டும் கொடுங்கள், எதையும் உரிக்க வேண்டாம்” என்று சொல். ஊசி வைத்து நாமே எடுத்துக்கொள்ளலாம்.

இதை வீணாக்க வேண்டாம். ‘சீரகம்’ என்பதை அப்படியே ஒட்டி, சுற்றிலும் வினைல் துண்டால் ஒரு சட்டம் கட்டுங்கள். சட்டத்துக்குள் மங்கி, எழுத்து தெளிவாக நிற்கும். உள்ளே இருக்கிற சீரகமே எழுத்தின் வழியாகத் தெரியும்.

வில்லாபுரம் மதினி, 6:55
ஆ, அது இன்னும் அழகாக இருக்குமே!

ஞாயிற்றுக்கிழமை

திருநகர் சித்தி, காலை 11:26
தாயி, கெட்டுப் போய்விட்டது. கிரீமை வழித்துவிட்டு வாளியில் அலசினேன். கண்ணாடி முன்பு போலவே பளிச்சென்று இருக்கிறது. ஒன்றுமே பிடிக்கவில்லை. கிரீம் பழையதோ?

நான், 11:27
உரித்துவிட்டீர்களா?

திருநகர் சித்தி, 11:27
இல்லை.

நான், 11:29
நல்லது. அப்படியே துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் அந்தச் சொரசொரப்பை நிரப்பிவிடும், ஈரத்தில் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. காய்ந்தால்தான் வெளியே வரும்.

திருநகர் சித்தி, 11:38
[படம்]
வந்துவிட்டது! காயக் காய ஒவ்வொரு புள்ளியாகக் கண் திறந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டு, திரும்ப நனைத்துக் காட்டினேன்.

பெரியப்பா, 11:44
மிக நன்றாக இருக்கிறது அம்மா. கையுறை போட்டாயா?

திருநகர் சித்தி, 11:45
போட்டேன் மாமா. கண்ணாடியும் மாட்டியிருந்தேன்.

வில்லாபுரம் மதினி, 12:30
[படம்]
என்னுடையது ‘வெந்தயம்’. புதிதாக வெட்டி வாங்கியது. கடைசிப் புள்ளியைக் காணவில்லை. ‘வெந்தயம’ என்று நிற்கிறது.

நான், 12:37
மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் ஏமாற்றும் மதினி. அது சின்ன வட்டம், ஊசியால் எடுக்க மறந்துவிடுவோம். வினைல் அங்கேயே நின்றால் கிரீம் எப்படிப் போகும்? நான் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துப் புள்ளியை எண்ணுவேன். ‘ண’, ‘ஞ’ வந்தால் நேர்மாறான தொல்லை. சுழிக்குள் இருக்கிற கடுகளவுத் துண்டு கண்ணாடியில் நிற்க வேண்டும், அது எழுத்தோடு சேர்ந்து வந்துவிடும். அதற்காகத்தான் மேலே டிரான்ஸ்பர் டேப் என்கிற லேசாக ஒட்டும் நாடாவை ஒட்டி, மொத்தமாகத் தூக்கி வைக்கிறோம்.

உங்கள் பாட்டிலைக் காப்பாற்றலாம். நன்றாகக் காய்ந்ததும் ஒரு வினைல் துண்டில் பஞ்சிங் மெஷினால் ஓர் ஓட்டை போட்டு, ‘ம’ தலைக்கு மேல் வைத்து ஒட்டி, அங்கே மட்டும் கிரீம் வையுங்கள். புள்ளி கொஞ்சம் பெரிதாக இருக்கும், பரவாயில்லை.

திருநகர் சித்தி, 12:41
டம்ளரில் குடிக்கலாம்தானே? சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கப்போகிறோம்.

நான், 12:46
குடிக்கலாம் சித்தி. நன்றாகக் கழுவினால் கிரீம் தங்காது, கண்ணாடியின் மேற்பரப்புதான் மாறியிருக்கும். இருந்தாலும் வெளிப்பக்கம் மட்டும் செய்யுங்கள். உதடு படுகிற விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே இருக்கட்டும். டம்ளர் வாங்கும்போது நேராக நிற்கிறதைப் பார்த்து வாங்குங்கள். வாய் அகன்று அடி குறுகியதில் வினைல் மடிப்பு விழும்.

தம்பி, மாலை 5:10
அப்பத்தா இரண்டு நாளாக எல்லாவற்றையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: “என் கல்யாணத்துக்கு எங்கள் அய்யா வாங்கிக் கொடுத்த பித்தளைக் குடத்தில் என் பெயர் இருக்கிறது. பாத்திரக் கடைக்காரர் உளியை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த எழுத்திலேயே ஒரு டம்ளர் எனக்கு வேண்டும்.”

நான், 5:14
தம்பி, குடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய். எழுத்து தாளில் ஏறிவிடும். படம் அனுப்பு.

தம்பி, 5:33
[படம்]
அக்கா, நடுவில் இருக்கிற ‘லை’யைப் பார்த்தீர்களா? யானை துதிக்கையைத் தூக்கியது போல இருக்கிறது.

பெரியப்பா, 5:36
1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’ அது. நான் பள்ளியில் எழுதியதும் அப்படித்தான். கடைக்காரர் கணினியில் தட்டினால் இப்போதைய ‘லை’தான் வரும்.

தம்பி, 5:38
அப்பத்தா கேட்கிறார்கள்: “அந்த எழுத்தை மாற்றிவிடுவாளா?”

நான், 5:42
மாற்ற மாட்டேன் என்று சொல். கடைக்கே கொடுக்கப்போவதில்லை. அந்தத் தாளையே வினைல் மேல் ஒட்டி, உளி விழுந்த இடமெல்லாம் சின்னத் துளையிடும் கருவியால் நானே குத்துகிறேன். எண்ணிப் பார்த்தேன், ‘லை’யில் மட்டும் 31 புள்ளி இருக்கிறது. நாளைக்கு அந்தத் தாளை மடிக்காமல், காலண்டருக்குள் வைத்து எடுத்து வா. டம்ளர் அப்பத்தாவின் கைக்கு அடங்குகிற அளவில் இருக்கட்டும், பெரியது வேண்டாம்.