ஒளிப்படத்தில் ‘டெபினிஷன் போதாது’ என்றால் எது போதவில்லை?

கேள்வி: நிலாவெளி வாசகி

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் மலருக்குப் படங்களைத் திரட்டும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். கடந்த வாரம் அச்சகத்தார் மூன்று படங்களைத் திருப்பி அனுப்பி, மூன்றிற்கும் ‘டெபினிஷன் போதாது’ என்ற ஒரே காரணத்தை எழுதியிருந்தார். முதலாவது, வாட்ஸ்அப் வழியாக வந்த பரிசளிப்பு விழாப் படம். 1280 × 960 பிக்சல் அளவுடையது, கைப்பேசியில் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாவது, டச்பே கடற்கரையில் நின்று காலையில் நானே எடுத்த கோணேசர் மலைப் படம். 4000 × 3000 பிக்சல் இருந்தும் மலை சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது. மூன்றாவது, மாலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களின் அருகே மாணவர்கள் நிற்கும் படம். பின்னாலுள்ள மதில் கல் கல்லாகத் தெரிகிறது, பிள்ளைகளின் முகங்களோ கலங்கியிருக்கின்றன.

ஆனால் 1960களில் எடுக்கப்பட்ட, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை அவர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். அகராதியைப் பார்த்தால் ‘வரையறை’ என்றும் ‘தெளிவு’ என்றும் இருக்கிறது. மூன்று வேறு குறைகளுக்கு ஒரே சொல் எப்படிப் பொருந்துகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், மீதமுள்ள படங்களையாவது சரியாகத் தேர்ந்துகொள்வேன்.

மறுமொழி: ஸ்டூடியோக்காரர், திருகோணமலை நகர்

வணக்கம் தங்கச்சி. அச்சகத்தார் சொன்னது பிழையில்லை; எங்கள் தொழிலில் அந்த ஒரு சொல்லைப் பல குறைகளுக்கும் பொதுவாகச் சொல்லிப் பழகிவிட்டோம்.

முதற்படத்தில் இல்லாதது பிக்சல். நல்ல தாளில் அச்சிட அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் 1280 பிக்சல் நாலேகால் அங்குல அகலத்துக்கு மட்டுமே போதும். மலரின் பக்கத்தில் 8 அங்குலத்துக்கு அதை விரித்தால் அங்குலத்துக்கு 160தான் மிஞ்சும். கைப்பேசித் திரையின் அகலம் 3 அங்குலத்துக்கும் குறைவு என்பதால் அங்கே அந்தக் குறை கண்ணுக்குப் படுவதில்லை. வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஆகவே எடுத்தவரிடம் மூலப் படத்தைக் கேட்டு, அதை ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது படத்தில் பிக்சல் தாராளமாக இருக்கிறது. இல்லாதது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாடு. டச்பேயிலிருந்து மலையை நோக்கி நின்றால் காலைச் சூரியன் வலப்புறக் கடலிலிருந்து கமராவின் வில்லையைத் தாக்கும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு ஈரம் வில்லையில் மெல்லிய படலமாகப் படிந்திருந்தால் அந்த ஒளி அதில் சிதறி, கறுப்பாக இருக்கவேண்டிய பாறை வெடிப்புகளைக்கூடச் சாம்பலாக்கிவிடும். கண்ணாடியில் மணல் இருக்கலாம் என்பதால் முதலில் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய துணியால் துடைத்து, பின்னேரம் வெயில் மேற்கே இறங்கியபின் அதே இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். அப்போது ஒளி உங்கள் பின்புறமிருந்து மலையின் மேல் விழும்.

மூன்றாவதில் கமரா பிள்ளைகளை விட்டு மதிலில் குவியம் கொண்டுவிட்டது. மாலை வெளிச்சம் குறைவாக இருந்ததால் ஷட்டரும் மெதுவாகத் திறந்து மூடியிருக்கும். பிள்ளைகள் அசைந்ததும் சேர்ந்திருக்கலாம். தப்பிப்போன குவியத்தைப் பிற்பாடு திருத்துவது பெரும்பாலும் பயன் தராது என்பதால், அந்தப் படத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மறுமொழி: பௌதிகவியல் ஆசிரியர், கிண்ணியா

மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். 300 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சேர்க்கிறேன். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் விலகியிருக்கும் இரண்டு புள்ளிகளை நல்ல பார்வையுடைய கண் பிரித்தறியும் என்பது பொதுவான கணிப்பு. புத்தகத்தை 25 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தால் அது ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 300 என்னும்போது ஒரு பிக்சலின் அகலம் 0.085 மில்லிமீற்றர்; கண்ணின் எல்லைக்கு அது மிக அருகில் இருக்கிறது. மண்டபச் சுவரில் தொங்கும் பதாகையைப் பல அடி தள்ளி நின்று பார்க்கிறோம் என்பதால், அதற்கு இத்தனை பிக்சல் தேவையில்லை.

பழைய சிறு படம் ஏற்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. அக்காலப் பெட்டிக் கமராக்கள் பலவற்றில் 6 × 9 சென்ரிமீற்றர் பிலிம் பயன்பட்டது. அதை உருப்பெருக்காமல், தாளோடு ஒட்டவைத்து அதே அளவில் பிரதி எடுத்தார்கள். பெருக்கம் இல்லாத இடத்தில் வில்லையின் குறைகளும் பெரிதாவதில்லை. உங்கள் படமும் அந்த வகையாக இருந்து, அதை 8 அங்குலத்துக்கு விரிக்கப் போகிறீர்கள் என்றால், அங்குலத்துக்கு 700 இற்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

வில்லையில் ஒளி நுழையும் துளையைச் சிறிதாக்கினால் எல்லாம் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை மாணவர்களிடம் இருக்கிறது. முன்னும் பின்னும் குவியத்துக்குள் வருவது உண்மை. ஆயினும் ஒளி அலை குறுகிய துளையில் வளைந்து பரவுவதால், எஃப் 16 என்று குறிக்கப்படும் சிறிய துளையில் ஒரு புள்ளி 20 மைக்ரோமீற்றருக்கும் அதிக அகலமுள்ள வட்டமாகிறது. இன்றைய கமராக்களின் பிக்சல்கள் பல 4 மைக்ரோமீற்றர் அளவுதான். குவியத்துக்குள் வரும் ஆழம் கூடுகையில் நுண்விவரம் குறைகிறது.

மறுமொழி: கன்னியா வாசகி

இருவரும் விவரத்தைப் பற்றிச் சொன்னார்கள். நான் விளிம்பைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ‘வரை’ என்றால் தமிழில் கோடு, எல்லை. ஒரு பொருள் எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்பது தெரிவதுதான் படத்தின் வரையறை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கைப்பேசிச் செயலிகளின் ‘ஷார்ப்பன்’ வசதி விளிம்பின் ஒரு பக்கத்தைக் கருமையாக்கி மறுபக்கத்தை வெளுக்கவைப்பதால் படம் கூர்மையாகத் தோன்றும், ஆனால் படத்தில் இல்லாத ஒரு மயிரிழையையும் அது கொண்டுவராது. அதைவிட முகத்தை வழுவழுப்பாக்கும் வசதி எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. அம்மம்மாவின் நெற்றிச் சுருக்கங்களை அழித்துவிட்டு, அந்தப் படத்தைத் தெளிவான படம் என்று எப்படிச் சொல்வது?

மென்மையான குவியத்தில் முகங்களை எடுத்ததற்காகக் கண்டிக்கப்பட்ட ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன், எது முறையான குவியம் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று 1864 இல் வானியலாளர் ஜோன் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். அவர் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய படங்களில் ஆடையின் நூல் தெரியாவிட்டாலும் ஆள் தெரிகிறார். உங்கள் மலருக்கும் அதுவே அளவுகோலாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து: முகத்தை அடையாளம் காணமுடிந்தால், சற்று மென்மையான படத்தையும் சிறிய அளவில் போடலாம்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பரிசளிப்பு விழாவின் மூலப் படம் நேற்றுக் கிடைத்தது. 4000 பிக்சல் அகலம் இருக்கிறது. மலையைப் பின்னேரம் மீண்டும் எடுக்கிறேன். கோட்டைப் படத்தை விலக்கிவிட்டு, அன்று உடன் வந்த பெற்றோரிடம் வேறு படம் கேட்டிருக்கிறேன். பழைய படத்தை 8 அங்குலத்துக்கு விரிக்காமல், அதன் அளவிலேயே பக்கத்தின் நடுவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.