16 எம்.எம். படப்பெட்டி வாடகைக்கு விட்ட அண்ணாச்சி

1970களின் பிற்பகுதியில் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அம்மன் கோயில் பொங்கல் என்றால், கரகாட்டத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் அடுத்தபடியாக ஊர் கூடிப் பேசி முடிவெடுக்கும் விஷயம், இந்த வருடம் எந்தப் படம் போடுவது என்பதுதான். தியேட்டரில் படம் பார்க்க வேண்டுமானால் சாத்தூருக்கோ கோவில்பட்டிக்கோ பஸ் ஏற வேண்டும்; இரண்டாம் ஆட்டம் முடிந்த பிறகு ஊர் திரும்ப வண்டி கிடையாது. பெண்களும் வயதானவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்த படம், திருவிழாவுக்கு ஊர்தேடி வந்த 16 எம்.எம். படம்தான், அதாவது 16 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு பிலிமில் வந்த படம். அதை அனுப்பி வைத்த மதுரைக் கடைக்காரர்களில் ஒருவரைச் சிறுவயது முதல் நான் அறிந்திருந்தேன். நடிகர்களைப் பற்றியும் தயாரிப்பாளர்களைப் பற்றியும் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இவர்களைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு என்பதால், பார்த்ததையும் கேட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விழாக் கமிட்டியில் என் சித்தப்பா இருந்தார். அட்வான்ஸ் கொடுக்க மதுரைக்குப் போகும்போது என்னையும் கூட்டிச் செல்வார். கடை ஒரே ஒரு நீளமான அறை. இரண்டு பக்கச் சுவரோரமும் தகரப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் படத்தின் பெயரும் ரீல் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். அண்ணாச்சி படத்தின் பெயரைக் கடைசியில்தான் கேட்பார். "கரண்டு எங்கருந்து எடுக்குறீக?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பஞ்சாயத்து மோட்டார் அறையிலிருந்து என்று சித்தப்பா சொன்னால், "அப்ப படம் ஓடுறவரைக்கும் மோட்டாரப் போடாமப் பாத்துக்கிடுங்க. வோல்டேஜ் எறங்குனா லைட்டு மங்கிப் போகும், சனங்க என்னையத்தான் வைவாக" என்பார். திரை கட்டும் இடத்தில் எதிர்க்காற்று அடிக்குமா, மெஷின் வைக்க ஆடாத மேசை இருக்கிறதா என்பதெல்லாம் கேட்டு முடித்த பிறகே நோட்டை விரித்து, எம்.ஜி.ஆர் படமா, சிவாஜி படமா, பக்திப் படமா என்ற பேச்சுக்கு வருவார். புதுப்படம் கிடைக்காது. தியேட்டர்களில் ஓடி அடங்கிய பிறகுதான் ஒரு படம் 16 எம்.எம்.முக்கு வரும் என்பதை ஊர்க்காரர்களும் அறிந்திருந்தார்கள். அதை ஒரு குறையாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

இந்தத் தொழில் நடந்ததற்குக் காரணமே அந்தச் சுருளின் அளவும் தன்மையும்தான். 1923இல் கோடாக் நிறுவனம் 16 எம்.எம். பிலிமை வீடுகளுக்கும் பள்ளிகளுக்குமாக அறிமுகப்படுத்தியபோதே, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டை விட்டுவிட்டு அசிடேட்டில் செய்தது. அதனால் தனி ஆப்பரேட்டர் அறை இல்லாமல், கூட்டத்தின் நடுவிலேயே மெஷினை வைத்துப் படம் காட்ட முடிந்தது. தியேட்டரின் 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும்; 16 எம்.எம்.முக்கு 36 அடி போதும். 1,600 அடி கொண்ட ஒரு ரீல் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் என்பதால், இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் நாலே ரீலில் அடங்கி, ஓர் ஆள் தூக்கும் பெட்டியாகப் பஸ்ஸில் ஏறிவிடும்.

மெஷின் ஒன்றுதான் என்பதால் ரீலுக்கு ரீல் படம் நிற்கும். தியேட்டரில் ஓர் இடைவேளை என்றால் எங்கள் ஊரில் மூன்று. அந்த இடைவெளிகளில்தான் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள். தெருவின் குறுக்கே கட்டிய வேட்டித் துணியின் முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அங்கே டைட்டில் எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும், எம்.ஜி.ஆர் இடக்கையால் வாள் வீசுவார். அதற்காக ஒருவரும் எழுந்து போனதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் அண்ணாச்சியின் உண்மையான வேலை, படம் ஓடி முடிந்து பெட்டி கடைக்குத் திரும்பிய பிறகே தொடங்கும். கல்லூரி விடுமுறைகளில் அவருடைய கடையில் உட்கார்ந்து இதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். ரீவைண்டர் மேசையில் இரு பக்கமும் ஸ்பூல்களை மாட்டி வலக்கையால் கைப்பிடியைச் சுற்றுவார்; இடக்கையில் மெல்லிய பருத்தித் துணியை மடித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிலிமின் இரு ஓரங்களையும் லேசாகப் பிடித்திருப்பார். கண் வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். விரலில் ஏதாவது உறுத்தினால் கை தானாக நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு துளை கிழிந்திருக்கும், அல்லது பழைய ஒட்டு விட்டுப்போகத் தொடங்கியிருக்கும். கெட்டுப்போன பிரேமை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு முனையில் மேல்பூச்சை பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் தடவி, மறு முனையை வைத்து அழுத்திப் பிடிப்பார். சுரண்டியது போதாவிட்டால் ஒட்டு நிற்காது. கூடிவிட்டால் பிலிமே மெலிந்து, அடுத்த ஊரில் அதே இடத்தில் அறுந்துவிடும்.

அவர் அனுப்பிய ஆப்பரேட்டர்களும் அதே கவனத்தோடு பழக்கப்பட்டவர்கள். 16 எம்.எம். பிலிமில் ஒலி, அதற்குரிய படத்துக்கு 26 பிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். ஏறக்குறைய ஒரு வினாடி வித்தியாசம். பிலிம் மாட்டும்போது மெஷினுக்குள் தளர்வாக விடும் வளைவு, அதாவது லூப், பெரிதாகவோ சிறிதாகவோ போய்விட்டால் வாயசைவும் வசனமும் ஒட்டாது. ஒவ்வொரு ரீலையும் மாட்டியதும் மெஷினைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டே அவர்கள் சுவிட்சைப் போடுவார்கள். படம் முடிந்ததும் விளக்கை அணைத்து, பல்பு ஆறும் வரை காற்றாடியை மட்டும் ஓடவிடுவார்கள். சூட்டோடு மெஷினைத் தூக்கினால் பல்பின் இழை அறுந்துவிடும். அந்த பல்பின் விலைக்கு ஒரு நாள் வாடகை ஈடாகாது.

பின்னாளில் சென்னையில் படித்தபோது, அமெரிக்கத் தகவல் மையத்திலும் பிரிட்டிஷ் கவுன்சிலிலும் கல்லூரிகளுக்கு 16 எம்.எம். ஆவணப்படங்கள் இரவல் கொடுப்பதைக் கண்டேன். அவையும் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டவைதான். ஆனால் அங்கே குளிரூட்டப்பட்ட அறையும் சம்பள ஆட்களும் இருந்தார்கள். வெயில் கொளுத்தும் மதுரையில், மின்விசிறிகூடச் சரியாக ஓடாத அறையில், தன் கைப்பணத்தைப் போட்டு வாங்கிய ஒரு பிரிண்டை ஆண்டுக்கணக்கில் ஓடும் நிலையில் வைத்திருந்த அண்ணாச்சியின் உழைப்பை நான் அதைவிட மேலாகவே மதிக்கிறேன்.

1982க்குப் பிறகு கலர் டிவி பரவியது; கூடவே வீடியோ டெக்கும் வாடகைக்கு வந்தது. ஒரே இரவில் மூன்று படம், அதுவும் புதுப்படம் என்றானபோது திருவிழாக் கமிட்டிகள் அந்தப் பக்கம் திரும்பின. சில கடைகள் கேசட் கடைகளாயின, சில மூடப்பட்டன. கருப்பு வெள்ளைப் பிரிண்டுகளை வெள்ளி பிரித்தெடுப்பவர்கள் எடைக்கு வாங்கிப் போனார்கள். இது எனக்கு இன்றும் ஆறவில்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படத்துக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதற்குப் பின் வந்த படங்களிலும் எத்தனையோ நெகட்டிவ் கெட்டு அழிந்துவிட்ட நிலையில், இப்படி ஒரு கடையிலிருந்த 16 எம்.எம். பிரிண்டே கடைசிப் பிரதியாக இருந்திருக்கக்கூடும்.

இன்றும் பழைய கடைக்காரர்களின் வீட்டுப் பரண்களில் பெட்டிகள் கிடக்கின்றன. திறந்ததும் காடி நெடி அடித்தால், அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ரீலை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அதிலிருந்து வரும் ஆவி பக்கத்து ரீல்களையும் கெடுக்கும். வண்ணப் பிரிண்டு முழுவதும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சாயம் வெளிறியிருக்கிறது. படம் முற்றிலும் போய்விடவில்லை. எந்த நிலையிலும் ஆசைப்பட்டு மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். சுருங்கிய பிலிமின் துளைகள் பற்சக்கரத்தில் பொருந்தாமல் ஓரம் முழுவதும் கிழிந்துவிடும். பெட்டியின் மேலும் பிலிமின் தொடக்கத்திலும் எழுதியிருப்பதைக் குறித்துக்கொண்டு, 1964 முதல் புனேயில் இயங்கிவரும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் இதையாவது செய்யும்படி, அத்தகைய பெட்டிகளை வைத்திருக்கும் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.