‘ஸ்வீட்லி’யைச் சரி என்று விட்ட கதை: ஆங்கில வாக்கியத் திருத்தத்தில் சறுக்கியவர்கள் வாருங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குப் படித்த காலம். முதல் கட்டத் தேர்வில் 60 நிமிடத்துக்கு 100 கேள்வி, அதில் ஆங்கிலம் 25. சரியான விடைக்கு 2 மார்க், தப்பானால் 0.50 கழிப்பார்கள். ஒரு கேள்வியில் சறுக்கினால் இரண்டரை மார்க் வித்தியாசம்.

ஒரு மாதிரித் தேர்வில் ‘தி ரோஸஸ் ஸ்மெல் ஸ்வீட்லி’ என்று வந்தது. ஸ்மெல் வெர்ப், வெர்புக்குப் பக்கத்தில் அட்வெர்ப், எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது? திருத்தம் தேவையில்லை என்று ‘நோ இம்ப்ரூவ்மென்ட்’ கொடுத்தேன். விடை ‘ஸ்வீட்’.

விதியை மனப்பாடம் செய்தும் திரும்பத் திரும்ப இதே இடத்தில் விழுந்தேன். ஒருநாள் மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரர் “சாம்பார் ருசியா இருக்கு” என்றபோதுதான் பிடிபட்டது. ‘ருசியான’ என்றால் அட்ஜெக்டிவ், ‘ருசியாக’ என்றால் அட்வெர்ப் என்று பள்ளியில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆனால் தமிழில் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்லவும் ‘ஆக’தான் வருகிறது. அந்த ‘ஆக’வை அப்படியே ‘லி’ ஆக்கிவிடுகிறோம். ‘இஸ்’ வந்தால் பழக்கத்தில் தப்பிக்கிறோம். ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட், லுக் வந்தால் மாட்டுகிறோம்.

அதற்கப்புறம், அந்த வெர்பை எடுத்துவிட்டு ‘இஸ்’, ‘ஆர்’ போட்டுப் பார்ப்பேன். ‘ரோஸஸ் ஆர் ஸ்வீட்’ பொருந்துகிறது, அப்படியானால் அட்ஜெக்டிவ்.

*

அண்ணா, அந்த வழியை நம்பித்தான் நான் ஒரு கேள்வியை விட்டேன்! ‘ஷி லுக்ட் ஆங்ரி அட் ஹிம்.’ ‘வாஸ்’ போட்டுப் பார்த்தேன், ‘ஷி வாஸ் ஆங்ரி அட் ஹிம்’ கச்சிதமாகப் பொருந்தியது. கொடுத்திருந்த விடை ‘ஆங்ரிலி’. அவள் கோபமாகத் தெரியவில்லை, அவனைக் கோபமாகப் பார்த்தாள். பார்ப்பது அவள் செய்கிற வேலை. இப்போதெல்லாம் ‘தெரிகிறதா, பார்க்கிறாளா’ என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். ‘இஸ்’ எல்லாம் அப்புறம்தான்.

*

என் கதை சின்னது. வங்கித் தேர்வு, ‘சீனியர் தேன் மீ’. ‘என்னைவிட’ என்று மனதில் ஓடியதும் ‘தேன்’ சரியாகத்தான் பட்டது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாவற்றுக்கும் ‘டு’ என்று அன்றைக்கு இரவே நோட்டில் எழுதினேன். தேர்வுக்கு முந்தைய நாள் எழுதியிருக்கலாம்.

*

நான் எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு எழுதியவன். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் சென்டன்ஸ் கரெக்‌ஷன் பகுதியே கிடையாது, பிறகு வந்தவர்கள் பிழைத்தார்கள். எங்களுக்கு மூன்று வரி நீளத்துக்கு வாக்கியம் வரும். அதில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் இந்தப் பழைய பாம்புதான்: ‘வாக்கிங் அலாங் தி ரோட், எ ஸ்னேக் பிட் ஹிம்.’ யார் நடந்தது? ஆங்கிலக் கணக்குப்படி பாம்பு.

நமக்கு இது உறுத்தாததற்குக் காரணம், ‘ரோட்டில் நடந்து போகும்போது பாம்பு கடித்தது’ என்பது நல்ல தமிழ். ‘போகும்போது’ வந்தால் நடந்தவர் வேறு, கடித்தது வேறு என்று இருக்கலாம். அதையே ‘ரோட்டில் நடந்து பாம்பு கடித்தது’ என்று சொல்லிப் பாருங்கள், தமிழும் இடிக்கும். நடந்ததும் கடித்ததும் ஒரே ஆளாக இருந்தால்தான் ‘நடந்து’ நிற்கும். ஆகவே வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘இங்’ வந்தால் ‘போகும்போது’ என்று பெயர்க்காமல், ‘நடந்து’, ‘பார்த்து’, ‘எழுதி’ என்று பெயர்த்தேன். பாம்பு தானாக வெளியே வந்துவிடும். காற்புள்ளிக்கு அடுத்து நிற்பவர்தான் நடந்தவரா என்று பார்த்தால் போதும்.

எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. ‘பீயிங் எ ரெய்னி டே, வி ஸ்டேட் இன்டோர்ஸ்’ என்பதை எப்படிப் பெயர்த்தாலும் ‘மழைநாள் என்பதால்’ என்று சாதுவாக நிற்கும். ஆங்கிலத்திலோ நாமே மழைநாள் ஆகிவிடுகிறோம். முன்னால் ஒரு ‘இட்’ போட வேண்டும்.

*

தேர்வெல்லாம் இல்லை, எனக்கு அலுவலகத்தில் நடந்தது. ஒரு வேலைக்குச் சிலர் விண்ணப்பித்திருந்தார்கள், ஏழெட்டுப் பேர். மேலாளருக்கு ‘ஃபியூ கேண்டிடேட்ஸ் ஹேவ் அப்ளைட்’ என்று மெயில் போட்டேன். ‘எ’ விட்டுப்போனதை நான் கவனிக்கவே இல்லை. ‘சிலர்’ என்று நான் எழுதியதை அவர் ‘சிலரே’ என்று படித்துவிட்டார். நம்முடைய அந்த ஒற்றை ‘ஏ’ செய்கிற வேலையை அங்கே ‘எ’ இல்லாமல் போவது செய்கிறது!

மறுநாள் காலை வந்து பார்த்தால் அதே வேலைக்கு இரண்டாவது விளம்பரம் போயிருந்தது.