ராபர்ட் ஹோம் ஓவியங்கள்: லண்டன் நண்பர்கள் உதவ முடியுமா?

குழுவினருக்கு வணக்கம். ராபர்ட் ஹோம் என்ற ஆங்கிலேய ஓவியரைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதி வருகிறேன். 1752-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர், ஏஞ்சலிகா காஃப்மன் என்ற ஓவியரின் மாணவர். 1791-இல் சென்னைக்கு வந்து, கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் படையோடு, திப்பு சுல்தானுக்கு எதிரான மைசூர்ப் போருக்கே போய்விட்டார். உருவப்படம் வரைந்து பிழைத்தவரைச் சரித்திர ஓவியராக்கியது அந்தப் பயணம்தான் என்பது என் கருத்து. பெங்களூர் முற்றுகையில் ஆங்கிலேயப் படை அதிகாரி கர்னல் மூர்ஹவுஸ் மடிந்ததை வரைந்தார். 1792-இல் திப்புவின் இரண்டு மகன்கள் காரன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்ட காட்சியையும் வரைந்தார். அந்தப் பெரிய படத்தின் இடது ஓரத்தில், கையில் படக்கட்டோடு தன்னையும் நிறுத்தியிருக்கிறார். சிறுவர்களின் முகத்தைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

பிறகு கல்கத்தா, 1814 முதல் லக்னோ அரசவை, 1834-இல் கான்பூரில் மரணம். அந்தப் பகுதிக்கு ஓரளவு குறிப்புகள் சேர்த்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது இதுதான். பிணைப் படம் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அங்கே போகக்கூடியவர்கள் யாராவது, இப்போது அது பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரித்து, அந்த இடது ஓரத்தையும் சிறுவர்களின் முகங்களையும் நெருக்கத்தில் படம் எடுத்துத் தர முடியுமா? இணையத்தில் எனக்குக் கிடைத்தவை பெரிதாக்கினால் மங்கிவிடுகின்றன. 1794-இல் வெளிவந்த அவருடைய மைசூர்க் காட்சிகள் நூலின் பிரதி சென்னை, பெங்களூர் நூலகங்களில் எங்கே பார்க்கலாம் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள். செலவு ஏதும் ஆனால் நான் தந்துவிடுகிறேன்.