14 மணி நேரத்தில் குமிழி வந்து பயோஃபிலிமை வழித்துக்கொண்டு போகிறது

சேனல்500:
பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) சிப், கவர் கிளாஸில் பிளாஸ்மா பாண்டிங் செய்து ஒட்டியது. சேனல் அகலம் 500 மைக்ரான், உயரம் 100. சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியாவைப் பயோஃபிலிமாக (பரப்பில் ஒட்டிய படலமாக) வளர்க்கிறேன்; 37 டிகிரி, சிரிஞ்ச் பம்ப்பில் நிமிடத்துக்கு 5 மைக்ரோலிட்டர். 14 மணி நேரம் வரை அருமையான படம், அப்புறம் ஒரே குமிழியில் எல்லாம் காலி. இரண்டாம் நாள் உள்வரும் ட்யூபும் கலங்குகிறது. ஓட்டத்தைக் கூட்டினால் சரியாகுமா?

துளிக்குத்துளி:
கூட்டாதீங்க. சிரிஞ்ச் வெளியே மேஜையில்தானே இருக்கு? அறைச்சூட்டு மீடியத்தில் (ஊட்டக் கரைசலில்) கரைந்த காற்று, 37 டிகிரியில் குமிழியாகப் பிரியும். குமிழியின் விளிம்பில் உள்ள பரப்பு இழுவிசைதான் செல்களை உரிக்குது. சிரிஞ்சையும் மைக்ரோஸ்கோப் இன்குபேட்டருக்குள் வையுங்க. மீடியத்தை 37க்குச் சூடாக்கி, வேக்குவத்தில் குமிழி எழுவது அடங்கும் வரை விட்டு ஏற்றுங்க. ட்யூபைச் செருகும்போது துளையிலும் நுனியிலும் ஒரு துளி பிதுங்கி நிற்கணும். இரண்டும் தொட்ட பிறகே உள்ளே தள்ளணும். பாதிக் குமிழிகள் இந்த ஒரு இடத்தில்தான் நுழையுது.

மெல்லியட்யூப்:
ட்யூப் கலங்குவது தனிப் பிரச்சினை. உள் விட்டம் 0.5 மிமீ என்றால், அதன் சுவரில் ஷியர் ஸ்ட்ரெஸ் (ஓட்டம் சுவரை உரசி இழுக்கும் விசை, பரப்பளவுக்கு) உங்க சேனலில் இருப்பதில் சுமார் 15இல் ஒரு பங்குதான். இந்தப் பாக்டீரியா பிலி என்ற மெல்லிய இழைகளை வீசி ஒட்டி இழுத்து, ஓட்டத்துக்கு எதிராகவே ஊர்ந்து ஏறும். 0.25 மிமீ ட்யூப் போட்டால் ஷியர் 8 மடங்கு கூடும். பாக்டீரியா கல்ச்சரை (ஓடி, அதாவது கலங்கல் அளவு, 0.05–0.1) உள்வரும் ட்யூப் வழியாக ஏற்றவே கூடாது. அதைக் கழற்றிவிட்டு, வெளியேறும் துளை வழியாகச் செலுத்துங்க. ஒரு மணி நேரம் அசையாமல் விட்டு, உள்துளையைச் சுற்றி எத்தனால் துணியால் துடைத்து, மீடியம் நிரப்பிய புது ட்யூபை மாட்டுங்க.

வர்க்கஉயரம்:
ஷியர் = 6 × பாகுநிலை × ஓட்ட வீதம் ÷ (அகலம் × உயரத்தின் வர்க்கம்). 37 டிகிரியில் உங்களுக்கு சுமார் 0.07 பாஸ்கல். ஆனால் அது காலி சேனலுக்கு. ஃபிலிம் வளர்ந்து இடைவெளி 80 மைக்ரானாகக் குறுகினால், அதே 5 மைக்ரோலிட்டரில் ஷியர் 1.56 மடங்கு. கடைசி மணி நேரப் படங்களுக்கும் 0.07 என்றே லேபிள் போட்டுடாதீங்க. அழுத்தத்தை மாறாமல் வைக்கும் பிரஷர் பம்ப்பில் கதை தலைகீழ்: ஓட்டம்தான் குறையும். சேனலில் வளைவு இருந்தால் பாதி உயரத்திலும் ஃபோக்கஸ் பண்ணிப் பாருங்க, நூல் மாதிரி பயோஃபிலிம் இழை (ஸ்ட்ரீமர்) தொங்கும். கண்ணாடித் தளத்தை மட்டும் பார்த்தால் தெரியாது.

சேனல்500:
மூலையில் ஒட்டிக்கிடக்கும் காற்றுக்கு?

துளிக்குத்துளி:
காலி சிப்பை வேக்குவம் டெசிகேட்டரில் (காற்றை வெளியேற்றும் மூடிய பாத்திரத்தில்) ஒரு மணி நேரம் வைத்து, எடுத்த கையோடு நிரப்புங்க. மிச்சக் காற்றை பிடிஎம்எஸ்ஸே உறிஞ்சிக்கும். தாமதித்தால் அறைக்காற்றைக் குடிச்சிடும், பலன் போயிடும்.