மலையேறும் காடிக்குச் சூடு சீட், சூடு ஸ்டீரிங்: கிட் போடுவதா, ஹாஃப்கட் எடுப்பதா?

சாலை59:
வணக்கம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் 59-ஆம் எண் சாலையில் ரிங்லெட், தானா ராத்தா வழியாக பிரிஞ்சாங் வரை விடியலுக்கு முன் ஏறும் ரீகான் (ஜப்பானிலிருந்து வந்த செகண்ட்ஹேண்ட்) எம்பிவி. முன் சீட் இரண்டுக்கும் கார்பன் பேட் கிட், ஸ்டீரிங் தோலுக்குள் சுற்றும் சூடு கம்பி, இரண்டும் வாங்கியாச்சு. கரண்ட் எல்லாம் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுப்பதாகத் திட்டம். ஸ்டீரிங்குக்குப் புது ஒயர் போக வழியில்லை, அதனால் ஹார்ன் ஒயரோடு சேர்க்கலாமா என்று யோசனை. இடது சீட்டில் உட்காருகிறவருக்கு முதுகு வலி, இனிப்புநீரும் உண்டு. இதில் எது எங்கே உதைக்கும்?

தாப்பா ஒயர்மேன்:
தம்பி, சீட்டுக்குச் சரி. சாக்கெட் வேண்டாம். ஹார்ன் ஒயர் வேண்டவே வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்க. ஒரு பேட் சுமார் 6 ஓம் காட்டும். அடியில் ஒன்று, முதுகில் ஒன்று, இரண்டையும் பக்கம் பக்கமாக இணைத்தால் 3 ஓம். எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட், அப்போ ஒரு சீட்டுக்கு 4.6 ஆம்பியர், இரண்டு சீட்டுக்கு 9.2. ஸ்டீரிங் கம்பி 80 வாட் என்றால் இன்னும் ஆறு ஏழு. கூட்டினால் 16-ஐத் தொட்டு நிற்கும். சாக்கெட் ப்யூஸ் பெரும்பாலும் 15. 15-க்கு மேல் போனதும் ப்யூஸ் எரிந்து காப்பாற்றிவிடும் என்று நினைக்காதீங்க. பிளேடு ப்யூஸ் தன் அளவைவிட 10 விழுக்காடு கூடினாலும் 100 மணி நேரம் தாங்கவேண்டும், அதன் தரமே அப்படித்தான். ப்யூஸ் எரியாது, சாக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற பிளக்தான் பழுப்பேறி உருகும். பிளக்குக்குள் பிடிப்பு தளர்ந்து 0.1 ஓம் வந்தாலே 5 ஆம்பியரில் இரண்டரை வாட் சூடு. மொச்சைக்கொட்டை அளவு பிளாஸ்டிக்குக்குள் அந்தச் சூடு போக இடமில்லை.

ஹார்ன் ஒயர் விஷயம். பல காடிகளில் ஸ்டீரிங்கில் இருக்கிற ஹார்ன் பொத்தான் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கும் சுவிட்ச்) காயிலைப் பாடியோடு சேர்க்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அதில் ஓடுவது ஆம்பியரில் பத்தில் ஒன்றோ இரண்டோ. சூடு கம்பி 1.8 ஓம். அதை ஹார்ன் ஒயருக்கும் பாடிக்கும் நடுவில் கட்டினால், பொத்தானை அமுக்கிப் பிடித்த மாதிரி ஹார்ன் விடாமல் அடிக்கும், கம்பியோ சூடாகாது. ரிலேயை மாற்றி நேராகக் கரண்ட் கொடுத்தால், ஸ்டீரிங்குக்கு அடியில் சுருண்டிருக்கிற ஸ்பைரல் கேபிளின் மெல்லிய தகட்டில் ஏழு ஆம்பியர் போகும். ஏர்பேக் ஒயர் போவதும் அதே நாடாவில்தான். ஒட்டினாற்போல இருக்கிற தகடு சூடேறி உறை இளகினால் எது எதோடு சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரீகான்மணி:
ஒயர்மேன் அண்ணே சொன்ன கணக்கு சரி, முடிவு தப்பு. ஸ்டீரிங் சூடு வேண்டாம் என்பதற்கு அது காரணமே இல்லை. ஜப்பானில் இதே மாடலின் குளிர்ப்பகுதி காடிக்குச் சூடு ஸ்டீரிங் தொழிற்சாலையிலேயே வருது. அதன் ஸ்பைரல் கேபிளில் சூட்டுக்கென்று அகலமான தகடு தனியா இருக்கும், பிளக்கில் பின்னும் கூடுதல். ஹாஃப்கட் (பாதியாக வெட்டி உதிரிப்பாகத்துக்கு விற்கும் பழைய காடி) கடையில் ஸ்டீரிங், ஸ்பைரல் கேபிள், சுவிட்ச், கண்ட்ரோல் பெட்டி எல்லாம் ஒரே காடியிலிருந்து எடுங்க. சீட்டும் அதே மாதிரி. ஒரிஜினல் சீட்டில் சூடு பார்க்கிற சென்சார் இருக்கு. சென்சார் ஒயர் அறுந்தாலும் பெட்டி சூட்டை நிறுத்திடும். கிட்டில் பெரும்பாலும் அடி பேட்டில் ஒரே ஒரு தெர்மோஸ்டாட், முதுகு பேட்டைக் கேட்க நாதியில்லை. வெளியிலிருந்து பேட்டை ஒட்டுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

தாப்பா ஒயர்மேன்:
ஒரிஜினல் நல்ல பொருள், அதில் சண்டை இல்லை. ஆனா ஹாஃப்கட் சீட்டுக்கு அடியில் நாலைந்து பிளக் தொங்கும்: பெல்ட் பூட்டு, மோட்டார், சூடு, அப்புறம் மஞ்சள். மஞ்சள் என்றால் பக்க ஏர்பேக். அந்த சீட் எந்த விபத்திலிருந்து வந்தது, வெள்ளத்தில் கிடந்ததா என்பதை யார் சொல்வது? எஸ்ஆர்எஸ் பெட்டி, அதாவது ஏர்பேக்கின் கண்ட்ரோல் பெட்டி, அந்த ஏர்பேக்கின் ஓம் அளவை மட்டும்தான் பார்க்கும். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணைந்திருப்பதால் ஏர்பேக் நல்லா இருக்கு என்று அர்த்தமில்லை. பிளக் பொருந்தலை என்றதும் 2 ஓம் ரெசிஸ்டர் சொருகி விளக்கை ஏமாற்றுகிறார்களே, அது கொலைக்குச் சமம். ஆள் உயிரை விளக்கோடு பேரம் பேசக்கூடாது.

ரீகான்மணி:
ரெசிஸ்டர் சொருகுவதை நானும் ஏத்துக்கல. வாங்கும்போதே பார்க்கணும்: மஞ்சள் பிளக்கின் பின்னில் பச்சை பூத்திருந்தா சீட்டைத் தொடாதீங்க. சீட் தண்டவாளத்து கிரீஸுக்குள் மண் இருந்தா வெள்ளத்துக் காடி. முதுகுச் சாய்வின் கதவுப்பக்கத் தையல் பிரிச்சுத் தைச்ச மாதிரி தெரிந்தாலும் விட்டுடுங்க. இவ்வளவும் பார்த்து வாங்கினா என்ன குறை?

குஷன் கடைக்காரர்:
இரண்டு பேரும் முழு சீட்டைப் பற்றியே பேசுறீங்க. பக்க ஏர்பேக் இருப்பது முதுகுச் சாய்வில். ஓட்டுநரின் அடிப்பாகத்தில் ஏர்பேக் கிடையாது, ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார் விரிப்பும் பெரும்பாலும் இடது சீட்டில்தான். ஆக வலது அடிப்பாகம்தான் தொல்லை இல்லாத இடம். அங்கே கிட் பேட்டும் போடலாம், ஹாஃப்கட்டின் ஸ்பாஞ்சை பேட்டோடு சேர்த்தும் மாற்றலாம். ஒரிஜினல் பேட்டை ஸ்பாஞ்சிலிருந்து தனியா உரிக்கக் கூடாது, பசை விடாது, கம்பி அறுந்துபோகும். சீட்டின் இரும்புச் சட்டம் ஒரே அளவா இருந்தா ஸ்பாஞ்சோடு தூக்கி வைங்க.

கிட் பேட் போடும்போது தப்பு நடப்பது ஒரே இடத்தில்தான். ஸ்பாஞ்சில் குறுக்கே ஓடும் பள்ளம், உறையை உள்ளே இழுத்துப் பிடிக்கும் கம்பி உட்காரும் இடம். பேட்டை அதன் மேல் அப்படியே விரித்து, உறையை அந்தக் கம்பியோடு பிடிக்கும் இரும்பு வளையத்தை அடித்தா, வளையம் பேட்டைக் குத்தும், இல்லாவிட்டா பேட் மடிந்து உள்ளே போகும். மடிந்த இடத்தில் இரண்டு அடுக்கு சூடு. மேலே பிவிசி தோல் என்றா முதலில் பளபளப்பு போகும், அப்புறம் விறைக்கும், அப்புறம் வெடிக்கும். பள்ளத்துக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று என்று சின்ன பேட் எடுக்கணும். பெரிய கார்பன் பேட் என்றா நடுவில் மட்டும் சின்னக் கீறல் போடலாம், இரு ஓரத்தில் ஓடும் செம்புப் பட்டையை வெட்டவே கூடாது. உள்ளே ஒற்றைக் கம்பி வளைந்து வளைந்து ஓடும் ரகத்தில் நடுவிலும் வெட்டக் கூடாது.

வளையம் அடிக்க முன்னால் ஒரு தடவை, அடித்து உறையை மூடின பிறகு ஒரு தடவை ஓம் பாருங்க. முன்னே 6.1, பின்னே 6.1 என்றா நல்லது. எண் எகிறினா கார்பன் இழை அறுந்திருக்கு, இறங்கினா எங்கேயோ சேர்ந்திருக்கு. பேட் ஒயருக்கும் சீட் இரும்புக்கும் நடுவில் மீட்டர் எதையும் காட்டக்கூடாது. காட்டினா வளையம் குத்தியாச்சு, மறுபடி பிரிங்க.

சாலை59:
ஐயா, முதுகு வலிக்காரருக்கு முதுகில்தானே சூடு வேண்டும்? அடியில் மட்டும் போட்டால் போட்டதுக்கே அர்த்தமில்லையே.

குஷன் கடைக்காரர்:
முதுகுச் சாய்வின் கீழ் விளிம்பில், பின்பக்கம், பிளாஸ்டிக் கொக்கி ஒன்று உறையை மாட்டியிருக்கும். அதைக் கழற்றி உறையைக் கீழிருந்து மேலே இடுப்பு உயரம் வரை சுருட்டலாம். நடுப்பலகையில் மட்டும் பேட், கதவுப்பக்கத்தைத் தொடுவதே இல்லை. முப்பது சென்டிமீட்டர் உயர பேட் இடுப்புக்குப் போதும்.

தாப்பா ஒயர்மேன்:
இதில் ஐயாவோடு ஒத்துப்போக முடியல. ஏர்பேக் சீட்டில் கதவுப்பக்கத் தையல் கிழிந்து வெடிக்கத் தோதாகத் தைத்த தையல். உள்ளே ஒரு துணிப்பட்டை ஏர்பேக்கைச் சுற்றி இரும்பில் மாட்டியிருக்கும். கீழிருந்து சுருட்டும்போது அந்தப் பட்டை நழுவினா வெளியே ஒன்றும் தெரியாது, விளக்கும் எரியாது. விபத்தன்று பை வேறு பக்கம் போகும். ஏர்பேக் எழுத்து தைத்த சீட்டில் முதுகைத் திறக்காதீங்க. சீட் மேலே கட்டும் சூடு மெத்தையும் கதவுப்பக்கத்தைச் சுற்றாத ரகமா இருக்கணும்.

குஷன் கடைக்காரர்:
பட்டை நழுவும் என்பது உண்மை. சுருட்ட முன்னால் பட்டை எங்கே மாட்டியிருக்குன்னு கையை விட்டுத் தடவிப் பார்த்து, மூடும்போது அதே இடத்தில் இருக்கான்னு மறுபடி பார்க்கணும். பார்க்கத் தெரியாதவர் திறக்கக் கூடாது, அதை ஒத்துக்கறேன். யாருமே திறக்கக் கூடாதுன்னா, கிழிந்த சீட்டை எந்தக் கடையும் தைக்க முடியாது.

மருந்தகத்துப் பிள்ளை:
நடுவில் ஒரு விஷயம். இனிப்புநீரில் கால், தொடை உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு கூடியதே தெரியாது. 1947-ல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் செய்த ஆய்வுப்படி தோலில் 44 டிகிரி தொடர்ந்து சுமார் 6 மணி நேரம் இருந்தால் புண். 49 டிகிரிக்கு ஏறினால் பத்து நிமிடமே போதும். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு 60 கிலோமீட்டர் போல. வளைவுச் சாலையில் எப்படியும் ஒன்றரை மணி நேரம். பேட் மடிந்த இடம் ஒன்று இருந்தால் அந்த நேரத்துக்குள் தொடையின் பின்பக்கம் வெந்துவிடும், இறங்கிய பிறகுதான் தெரியும். இடது சீட்டுக்கு லோ மட்டும் வையுங்கள். பதினைந்து நிமிடத்தில் தானே அணையும் டைமர் இல்லாமல் ஹை வேண்டாம்.

தாப்பா ஒயர்மேன்:
நல்ல சொல். லோவுக்கு எளிய வழி இருக்கு: இரண்டு பேட்டையும் வரிசையா ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தா 12 ஓம், கரண்ட் கால் பங்காக இறங்கும், சூடும் கால் பங்கு. இடது சீட்டை அப்படியே நிரந்தரமா கட்டிடுங்க. ஹை என்கிற பேச்சே இல்லாமப் போகும்.

இனி ஒயர் வழி. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் ப்யூஸ். ப்யூஸ் ஒயரைக் காக்க, பேட்டை அல்ல. கிட்டோடு வரும் 0.5 ஒயரைத் தூக்கிப் போடுங்க. நாலு மீட்டரில் 9 ஆம்பியருக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் அதிலேயே போயிடும், 11 வாட் கம்பளத்துக்கு அடியில் சூடாகும். ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ரப்பர் வழியா உள்ளே வாங்க. ரப்பருக்கு வெளியே ஒயர் கீழே தொங்கி மேலேறணும், மழைத்தண்ணி அந்த வளைவில் சொட்டிடும். உள்ளே ரிலே, அதன் பின் எண்படி: 30-க்கு பேட்டரி, 87 சீட்டுக்கு, 86 சாவி போட்டால் மட்டும் வரும் கரண்ட், 85 பாடி. ரிலே இல்லாம நேரா கட்டி ஒரு சீட்டை அணைக்க மறந்தா, இரவு எட்டு மணி நேரத்தில் 30 ஆம்பியர்-மணிக்கு மேல் போயிடும். சின்னக் காடியின் என்எஸ்40இசட் பேட்டரியே 35-தான்.

சேர்க்கும் இடத்தில் ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீல கிளிப் வேண்டாம். நம்ம ஈரத்துக்கு ஆறு மாதத்தில் செம்பு கறுத்திடும். கிரிம்ப் அடித்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. சீட்டுக்கு அடியில் ஒயர் வரி ட்யூபுக்குள் போகணும், சீட்டை முழுசா முன்னே தள்ளினாலும் ஒரு சாண் மிச்சம் இருக்கணும். தண்டவாளம் ஒயரை நறுக்குவதுதான் அதிகம் வரும் கேஸ். மஞ்சள் உறைக்குப் பக்கத்திலும் கட்டாதீங்க.

தோட்டத்து மெக்கானிக்:
மூன்று பேருக்கும் ஒரு கேள்வி. பீடோர், தாப்பா பக்கம் பகலில் சீட் சுடுதே, அதுக்குக் காத்தாடி சீட்தானே பொருத்தம்? அதை ஏன் யாரும் பேசல?

குஷன் கடைக்காரர்:
அது வேறு வேலை, தம்பி. தோலில் துளை இருக்கணும், ஸ்பாஞ்சில் காற்று ஓடப் பள்ளம் வெட்டணும், மேலே முப்பரிமாண வலை வைக்கணும். சூடு பேட்டையும் அதையும் ஒரே சீட்டில் அடுக்கினா சாதாரண பேட் காற்றை அடைக்கும். தனியா ஒரு நாள் பேசுவோம்.

ரீகான்மணி:
ஸ்டீரிங்குக்கு வருவோம். நான் விடல. ஹாஃப்கட் ஸ்பைரல் கேபிள் போடும் முறையைச் சொல்றேன்: பேட்டரி நெகட்டிவ் கழற்றுங்க, டொயோட்டா என்றா குறைந்தது 90 வினாடி காத்திருங்க, நான் பத்து நிமிஷம் சொல்வேன். முன் சக்கரம் நேரா. புதுக் கேபிளை இடப்பக்கம் மெதுவா நிற்கும்வரை சுற்றி, அங்கிருந்து வலப்பக்கம் ஏறக்குறைய இரண்டரை சுற்று, குறி நேரா வரும். இதைத் தவறவிட்டா முதல் கொண்டை ஊசி வளைவிலேயே நாடா அறுந்து ஹார்னும் ஏர்பேக்கும் போகும். நடு நட் டொயோட்டாவில் 50 நியூட்டன் மீட்டர். ஸ்டீரிங் கோண சென்சார் அதிலேயே இருந்தா ஸ்கேனரில் பூஜ்யம் பார்க்கணும்.

தாப்பா ஒயர்மேன்:
முறை சரி. இதைச் செய்ய ஸ்கேனரும் டார்க் ஸ்பானரும் இருக்கிற பட்டறை வேணும், ஸ்பைரல் கேபிள் புதுசா இருக்கணும். பழைய நாடா எத்தனை ஆயிரம் தடவை சுருண்டு விரிந்ததோ. ஏர்பேக் பிளக்கில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது, மீட்டரின் கரண்டே வெடிக்க வைக்கலாம். ஏர்பேக்கைக் கழற்றினா முகம் மேலே இருக்கத் தரையில் வைங்க. இதெல்லாம் ஒத்துக்கிட்டா ஒரிஜினல் சூடு ஸ்டீரிங்குக்கு நான் எதிரி இல்லை. கையில் இருக்கிற ஒட்டுக் கம்பியை மட்டும் எடுத்து வைத்துடுங்க.

ரீகான்மணி:
கேபிள் புதுசு என்பதை ஏத்துக்கறேன். ஆர்டர் போடும்போது வண்டியின் சேசிஸ் எண்ணோடு சூடு ஸ்டீரிங் ரகம்னு சொல்லிக் கேளுங்க, இல்லாட்டி சாதாரண ரகம் வரும். ஸ்டீரிங்கும் சுவிட்சும் பெட்டியும் ஹாஃப்கட் போதும்.

சாலை59:
அப்படியானால் வலது சீட்டின் அடியில் கிட் பேட், பள்ளத்துக்கு இருபுறமும் இரண்டு. இடது சீட்டில் அடியைத் தொடவில்லை, சென்சார் விரிப்பு அங்கேதான் இருக்கு. முதுகு பற்றி ஐயாவும் ஒயர்மேன் அண்ணனும் ஒத்துப்போகும்வரை அதையும் திறக்கவில்லை. ஸ்டீரிங் கம்பி பெட்டிக்குள் போயாச்சு, கேபிள் விலை கேட்டிருக்கேன். பேட் இரண்டும் மீட்டரில் 5.9, 6.2 காட்டுது. உறை மூடின பிறகு எண்ணை இங்கே போடுறேன்.

குஷன் கடைக்காரர்:
0.3 வித்தியாசம் பரவாயில்லை. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று ஒயரில் இப்பவே எழுதி வைங்க, மூடின பிறகு தெரியாது.